சின்ன ஹைபிரிட் காருக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் இப்போது இரண்டு ஆசைகளோடு ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். ஒன்று, பெட்ரோல் விலைக்குப் பயந்து ஹைபிரிட். இன்னொன்று, மாந்தோப்புக்கும் மலைக்கும் போய்வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. உள்ளே இருப்பவர் "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்" என்கிறார். 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் வந்ததிலிருந்து இதே நிலைதான். ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது மின்மோட்டார் தனியாகவும் வண்டியை நகர்த்தும் வகை, எடுத்தால் முன்சக்கரம் மட்டும் இழுக்கும். ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரமும் இழுப்பது, எடுத்தால் கிடைப்பது மைல்டு ஹைபிரிட். அதில் மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், தனியாக வண்டியை நகர்த்தாது. 2025-ல் வந்த மாருதி விக்டோரிஸும் இதை மாற்றவில்லை. சொந்தக்காரர்களும் நண்பர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சின்ன ஹைபிரிட்டில் ஆல் வீல் டிரைவ் வேண்டுமா, வேண்டாமா?

கம்பெனிகள் கொடுக்க வேண்டும். ஆனால் கார் வாங்கும் எல்லாரும் அதை வாங்க வேண்டியதில்லை. பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அது நிஜமாகவே பயன்படும் என்பது என் கணிப்பு. அந்த ஒருவருக்கு இன்றைக்கு வழியே இல்லை என்பதுதான் என் குறை. மைலேஜை விட்டுக்கொடு, இல்லையென்றால் சேற்றில் நில் என்று அவரிடம் சொல்கிறார்கள். தொழில்நுட்பப்படி அப்படிச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது.

காரணம் கிடையாதா? ஹைபிரிட்டில் இரண்டையும் சேர்ப்பது கஷ்டம் என்று விற்பனையாளர் சொன்னாரே?

பழைய முறையில் சேர்ப்பதுதான் கஷ்டம். அந்த முறையில் முன்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து வண்டியின் அடியில் நீளமாக ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடிப் பின் டிஃபரன்ஷியலைச் சுற்ற வேண்டும். கிராண்ட் விட்டாராவில் ஆல்கிரிப் என்ற பெயரில் வரும் ஆல் வீல் டிரைவ் அப்படிப்பட்டதுதான். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பின்பக்கம் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது, முன்னால் இருக்கும் கியர்பாக்ஸும் வேறு அமைப்பு. அங்கே அந்த ஷாஃப்டை நுழைப்பது சிரமம் என்பது உண்மை.

ஆனால் ஹைபிரிட்டில் ஏற்கெனவே மின்சாரம் இருக்கிறது. ஷாஃப்டே தேவையில்லை. பின் அச்சில் தனியாக ஒரு சின்ன மோட்டார் வைத்து வயர் இழுத்தால் முடிந்தது. டொயோட்டா இதை ஜப்பானில் 2001-லேயே எஸ்டிமா ஹைபிரிட் வேனில் செய்துவிட்டது. அவர்கள் வைத்த பெயர் ஈ-ஃபோர். யாரிஸ் கிராஸ் என்று நம் ஹைரைடரைவிடச் சின்ன வண்டி ஒன்று இருக்கிறது. அதிலும் ஈ-ஃபோர் உண்டு, பின் மோட்டார் 3.9 கிலோவாட், கிட்டத்தட்ட 5 குதிரைத்திறன். அமெரிக்காவில் 2019 மாடல் பிரியஸில் வைத்தது 7 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது தானாகவே தள்ளும், அப்புறம் சக்கரம் வழுக்கினால் மட்டும் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை உதவிக்கு வரும். 2023-ல் வந்த புது பிரியஸில் பின் மோட்டாரை 40 குதிரைத்திறனுக்கு உயர்த்திவிட்டார்கள். நிஸான் நோட் ஈ-பவர் அதைவிடச் சுவாரசியமான வண்டி. 2018-ல் அதன் பின் மோட்டார் 3.5 கிலோவாட்தான். 2020-ல் வந்த அடுத்த தலைமுறையில் 50 கிலோவாட். நோட் ஒரு சாதாரண ஹேட்ச்பேக், பெரிய எஸ்யூவி எதுவும் இல்லை.

ஆக, சின்ன ஹைபிரிட்டில் இதைச் செய்யத் தெரியாமல் யாரும் இல்லை. ஜப்பானில் பனி கொட்டும் ஊர்கள் நிறைய, அதனால் அங்கே விற்கிறது. நம் ஊரில் பனி இல்லை, சேறு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

5 குதிரைத்திறன் என்றால் தண்ணி மோட்டார் அளவுதானே? அது காரை எங்கே இழுக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்காத விவசாயி இல்லை. கிணற்று மோட்டாரை வைத்துப் பார்த்தால் நியாயமான சந்தேகம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திறனை வேகத்தால் வகுத்தால் தள்ளும் விசை கிடைக்கும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 2.8 மீட்டர். 3,900 வாட்டை அதால் வகுத்தால் 1,400 நியூட்டன். கிலோவில் சொன்னால் சுமார் 140 கிலோ. உராய்வில் போவதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆள் வண்டிக்குப் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துத் தள்ளுகிற விசை அது. சேற்றில் மாட்டிய காரை வெளியே எடுக்க நாம் வழக்கமாகக் கூப்பிடுவதும் அத்தனை பேரைத்தான்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் மெதுவாக ஏற சுமார் 160 கிலோ விசை வேண்டும். அதில் பெரும்பகுதியைப் பின் மோட்டார் ஒன்றே தரும் என்றால் முன்சக்கரங்களுக்கு வேலை பாதிக்கும் கீழே குறைகிறது. வழுக்குவதும் குறையும்.

அதே மோட்டார் மணிக்கு 60 கிலோமீட்டரில் தரும் விசை 24 கிலோதான். அதனால்தான் இந்தச் சின்ன மோட்டார்களை 70-க்கு மேல் அணைத்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் இது ஒன்றுக்கும் ஆகாது. நமக்கு அங்கே தேவையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். மணலிலோ ஆழமான சேற்றிலோ தொடர்ந்து முறுக்கினால் இப்படிப்பட்ட சின்ன மோட்டார் சூடேறித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விசையைக் குறைத்துவிடும். ஜிம்னி, தார் மாதிரி ஜீப் வகை வண்டிகளில் மெதுவாக, ஆனால் பலமாக இழுப்பதற்கென்று இருக்கும் லோ ரேஞ்ச் கியர் செய்கிற வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆற்றுப்படுகையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு ஜிம்னி பார்க்கப் போகலாம்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் எங்கேதான் இது தேவைப்படும்?

தேவைப்படாத இடங்களை முதலில் கழித்துவிடலாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தேவையே இல்லை. ஓசூர் நகருக்குள், சிப்காட் ஷிஃப்ட் விடும் நேரத்து நெரிசலில், ஹைபிரிட் தன் முழு லாபத்தையும் காட்டும். அங்கே பின் மோட்டார் வெறும் சுமை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையும் தார்ச்சாலைதான். வத்தல்மலைக்கும் இப்போது தார்ச்சாலை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கர வண்டி கொஞ்சம் முனகும், ஏறிவிடும்.

அப்புறம் மிச்சம் இருப்பது என்ன? தார்ச்சாலை முடிந்த பிறகு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர். விஷயமே அங்கேதான்.

சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். செம்மண் காய்ந்திருக்கும்போது கல் மாதிரி இருக்கும், எந்த வண்டியும் போகும். கோடை மழை ஒன்று அடித்துவிட்டால் மேலே இரண்டு அங்குலம் வழுக்கும் பசையாக மாறிவிடும், அடியில் இறுகிய மண் அப்படியே இருக்கும். தோத்தாபுரி பறிக்கும் காலமும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றாக வருவது வேறு. காய் லோடு டெம்போவில் போய்விடும், சரி. ஆனால் தோப்புக்காரர் தன் காரின் டிக்கியில் நாலு கிரேட் வைத்து, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, தோப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்தச் சின்ன மேட்டில் நிற்பார். அங்கேதான் முன்சக்கரம் சுற்றும்.

ஏன் சுற்றுகிறது? முன்சக்கர வண்டி காலியாக இருக்கும்போது இன்ஜின் எடை முழுவதும் முன்பக்கம் அழுத்துகிறது, பிடிப்பு நன்றாக இருக்கும். ஆளும் சரக்கும் பின்னால் ஏறினால் எடை பின்னுக்குப் போகிறது. வண்டி ஏற்றத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் எடை குறைந்து, சும்மா உருளும் சக்கரத்தின் மேல் எடை கூடுகிறது. ஷோரூம் டெஸ்ட் டிரைவில் இது ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் அங்கே வண்டிக்குள் இருப்பது நீங்களும் விற்பனையாளரும் மட்டும்.

தளி, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கமும், அரூருக்கு மேலே சித்தேரி மலையிலும் இதே கதை வேறு விதமாக வரும். பிரதான சாலை தாராக இருக்கும். ஊருக்குள் பிரியும் பாதையில் மழைநீர் அறுத்த பள்ளம், உருளும் சரளைக்கல், திடீர் ஏற்றம். ஏரிக்கரை ஓரம் நிலம் இருப்பவர்களுக்குக் களிமண். களிமண் டயர் பட்டனை முழுதாக அடைத்துவிடும், அப்புறம் எத்தனை சக்கரம் இழுத்தாலும் வழவழப்பான டயர்தான். அதற்கு டிராக்டர்தான் மருந்து.

இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவர், தினமும் போய்வரும் ஆசிரியர், கிராம செவிலியர், கால்நடை மருத்துவர், பால் குளிர்விப்பு நிலையம் நடத்துபவர்: பின் மோட்டார் இவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது. இவர்கள் வருடம் முழுக்க ஓடுவதால் மைலேஜும் இவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்ததில் அடிபடுவது இவர்கள்.

மைலேஜ் எவ்வளவு அடிவாங்கும்?

கம்பெனி அறிவித்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 2022 கிராண்ட் விட்டாராவில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். முன்சக்கர மைல்டு ஹைபிரிட் மேனுவலுக்கு 21.11. அதே இன்ஜின், அதே மேனுவல் கியர், ஆல் வீல் டிரைவுடன் 19.38. அதாவது ஷாஃப்ட் வைத்த முறைக்கு எட்டு சதவீதம் போகிறது. (ஓட்டும்போது இந்த எண்கள் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

பின் மோட்டார் முறைக்கு 2019 பிரியஸ் நல்ல சாட்சி. அமெரிக்க அரசின் சோதனையில் சாதாரண பிரியஸ் காலனுக்கு 52 மைல், ஆல் வீல் டிரைவ் பிரியஸ் 50 மைல். நாலு சதவீதம்தான் குறைவு. அந்தப் பின் மோட்டாரில் காந்தம் கிடையாது, இண்டக்‌ஷன் வகை. வேலை இல்லாதபோது சக்கரத்தைப் பிடித்து இழுக்காமல் சும்மா சுற்றும். நட்டம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இதைப் பணமாக்கினால், 19.38 தரும் வண்டி 774 லிட்டர் குடிக்கும். 27.97 தருவது 536 லிட்டர். அந்த ஹைபிரிட்டில் பின் மோட்டார் வைத்து நாலு சதவீதம் போனால் 559 லிட்டர். ஆக, நாலு சக்கர இழுவை வேண்டும் என்பதற்காக இன்றைக்கு ஒருவர் 238 லிட்டர் கூடுதலாகப் போடுகிறார். கம்பெனி மனது வைத்தால் அது 23 லிட்டரில் முடிந்துவிடும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

தொப்பூர் கணவாயில் ஆல் வீல் டிரைவ் பாதுகாப்பு தருமா?

தராது. தொப்பூரில் ஆபத்து இறக்கத்தில், அதுவும் பெரும்பாலும் பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் பின்னால் வருவதில். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. இழுவை எத்தனை சக்கரத்தில் என்பதற்கும் நிற்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆல் வீல் டிரைவ் இருக்கும் தைரியத்தில் ஈரச்சாலையில் வேகமாக இறங்குகிறவர் அது இல்லாதவரைவிட ஆபத்தானவர். கிளம்பும்போது வழுக்காததால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

இறக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஹைபிரிட்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹைரைடர் ஹைபிரிட்டின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. வத்தல்மலை மாதிரி ஓர் இடத்திலிருந்து 500 மீட்டர் உயரம் இறங்கினால் 1,600 கிலோ வண்டி விடும் ஆற்றல் 2 கிலோவாட் மணிக்கு மேல். உராய்வில் போவதைக் கழித்தாலும் பேட்டரி தாங்குவதைவிட அதிகம். பாதி மலையிலேயே பேட்டரி நிரம்பிவிடும், அப்புறம் மின்பிரேக் பிடிப்பது குறையும். கியர் லீவரில் 'B' என்று ஒரு நிலை இருக்கிறதே (பார்க்கிங்குக்கான 'P' அல்ல), அது இதற்குத்தான்: இன்ஜினைச் சுற்றவைத்து வேகத்தைப் பிடிக்கும். ஷோரூமில் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. நீண்ட இறக்கம் தொடங்கும் முன்பே அதைப் போடுங்கள்.

நல்ல டயர் போட்டால் போதாதா?

முக்கால்வாசிப் பேருக்குப் போதும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரில் ஓடுவது சட்டப்படியே தப்பு. சேற்றைப் பொறுத்தவரை அதற்கு வெகு முன்பே டயர் செத்துவிடுகிறது. மழைக்காலம் முழுக்க மண் பாதையில் போகிறவர் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த டயரோடு ஆல் வீல் டிரைவ், நல்ல டயரோடு முன்சக்கர வண்டி, இரண்டையும் கொடுத்தால் ஈரச்சாலைக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், நிற்பதற்கும் திரும்புவதற்கும் டயர்தான் வேண்டும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டனையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜினை அடக்கிவிடும்; வண்டி நகராமல் நின்றுவிடும். அந்த நேரம் மட்டும் அதை அணைத்துவிட்டு மெதுவாக உருட்டி வெளியே வந்து, மறுபடி போட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிறுத்தி வைத்த வேனும் காரும் மிதந்து போயின. மிதக்கிற வண்டிக்கு எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன? தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள்.

மாமனார் ஊர் பெட்டமுகிலாளம் பக்கம். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் போவோம். அதற்காக எடுக்கலாமா?

வேண்டாம். வருடத்துக்கு நாலைந்து முறைக்காக வாழ்நாள் முழுக்க ஷாஃப்டைச் சுமக்காதீர்கள். மழை பெய்தால் வண்டியைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு மச்சானை பைக்கோடு வரச்சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்காதா?

அஞ்செட்டி சாலையில் யானை வந்தால்?

தூரத்திலேயே நின்று ரிவர்ஸ் எடுப்பதற்கு எந்த டிரைவும் போதும். இருட்டிய பிறகு அந்த வழியைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. ஹைபிரிட் மெதுவாகப் போகும்போது அதிகச் சத்தம் இல்லாமல் போகும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்; யானைக்கு நீங்கள் வருவது தெரியாமல் போகலாம்.

பராமரிப்புச் செலவு?

ஷாஃப்ட் முறையில் பின் டிஃபரன்ஷியலுக்கும் இழுவையைப் பிரித்துவிடும் பெட்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டும். நாலு டயரும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். ஒன்று வெடித்தால் ஒன்று மட்டும் புதிதாகப் போட்டு ஓட்டினால் கிளட்ச் வீணாகச் சூடாகும். பின் மோட்டார் முறையில் இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. ஆனால் மோட்டாரோ அதன் கன்ட்ரோலரோ போனால் நம் ஊர் மெக்கானிக் கைவைக்க முடியாது, கம்பெனி சர்வீஸ்தான்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: நாலு சக்கரம் இழுக்கும் வண்டி நின்றுபோனால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டி இழுக்க விடாதீர்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள். ராயக்கோட்டை ரோட்டில் கயிறு கட்டி இழுக்க உதவிக்கு வருகிறவர்களிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

தோப்புக்காரர்களுக்காக இன்னொன்று. பின்சீட்டு ஓரம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை உள்ள வண்டிகளில் அதன்மேல் மூட்டையோ துணிப்பையோ சாத்தி வைக்காதீர்கள். பேட்டரி சூடேறும்.

பிறகு ஏன் இங்கே எந்தக் கம்பெனியும் கொடுப்பதில்லை?

விலைதான் முதல் காரணம். கூடுதல் மோட்டார், அதற்கொரு கன்ட்ரோலர், வேறு வகைப் பின் சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்தால் ஏற்கெனவே விலை கூடிய ஹைபிரிட் இன்னும் ஏறும். இடமும் ஒரு காரணம். கிராண்ட் விட்டாராவில் மைல்டு ஹைபிரிட் டிக்கி 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைபிரிட் டிக்கி பேட்டரியால் 265 லிட்டர். பின்னால் மோட்டாரும் வந்தால் ஸ்டெப்னிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள்.

வரியும் சின்ன ஹைபிரிட் வருவதைத் தீர்மானிக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள ஹைபிரிட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் இரண்டுமே நாலு மீட்டரைத் தாண்டியவை. 18 சதவீத வரிக்குள் ஒரு ஸ்ட்ராங் ஹைபிரிட் வந்தால்தான் பின் மோட்டாருக்கு விலையில் இடம் இருக்கும். அந்த அளவு வண்டியில் இடம் போதாது என்றால், நிஸான் நோட்டும் நாலு மீட்டரை ஒட்டிய வண்டிதான் என்று பதில் சொல்லலாம்.

"வாங்க ஆள் இல்லை" என்று கம்பெனிகள் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கிருஷ்ணகிரி வெயிலில் சன்ரூஃபுக்குப் பணம் கட்டுகிற ஜனம், பின் மோட்டாருக்குக் கட்டாது என்று எப்படிச் சொல்ல முடியும்? அதோடு, குஜராத்தில் தயாராகும் சுசுகி இ விட்டாரா மின்காரை ஐரோப்பாவுக்கு இரண்டு மோட்டாரோடும் அனுப்புகிறார்கள். இங்கே முன்சக்கரம் மட்டும். செய்யத் தெரியும், இங்கே செய்ய மனம் வரவில்லை.

பேசாமல் இரட்டை மோட்டார் மின்காரே வாங்கிவிடலாமே?

2025-ல் டாடா ஹாரியர் மின்கார் அப்படி வந்தது. நல்ல வண்டி, ஆனால் பெரியது, விலையும் அதற்கேற்ப. மின் ஸ்கூட்டர்கள் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகி நாடு முழுக்கப் போகின்றன. நாட்றாம்பாளையத்தில் காரை சார்ஜ் போட இன்னும் வீட்டு பிளக்கைத்தான் நம்ப வேண்டும். வீட்டில் நிலையான மும்முனை மின்சாரம் இருந்து, தினமும் போகும் தூரம் தெரிந்திருந்தால் யோசிக்கலாம்.

சரி, இன்றைக்கே வாங்க வேண்டும். எதை எடுப்பது?

ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட், முன்சக்கர இழுவை, நல்ல டயர். தரை இடைவெளி 210 மில்லிமீட்டர் இருக்கிறது. நம் பாதைகளில் மாட்டிக்கொள்ளும் வண்டிகளில் பாதி, இழுவை இல்லாமல் நிற்பதில்லை, வயிறு தட்டித்தான் நிற்கின்றன. தினமும் மண் ஏற்றம் என்றால் ஆல்கிரிப் வண்டி; 2025 முதல் அது ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கிறது. பெட்ரோல் கூட ஆகும், தெரிந்தே எடுங்கள். இன்னோவா ஹைகிராஸ் பார்க்கிறவர்கள் அதுவும் முன்சக்கர வண்டி என்பதை மறக்க வேண்டாம். பழைய கிரிஸ்டாவில் பின்சக்கரம் இழுத்தது. ஏழு பேரை ஏற்றி மண் மேட்டில் கிளப்பும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

கம்பெனிக்காரர் கேட்டால் என்ன கேட்பீர்கள்?

5 முதல் 10 கிலோவாட்டுக்குள் ஒரு பின் மோட்டார். 60 கிலோமீட்டர் வேகம் வரை வேலை செய்தால் போதும். ஏற்றத்தில் கிளம்பும்போது இரண்டு அச்சையும் கட்டாயமாக இழுக்கவைக்க ஒரு பட்டன். 16 அங்குல சக்கரம், முழு அளவு ஸ்டெப்னி. முக்கியமாக இதை உச்சி வேரியன்ட்டில் மட்டும் பூட்டி வைக்காமல் நடு வேரியன்ட்டில் தனி விருப்பமாகக் கொடுக்க வேண்டும். கிராம செவிலியருக்கு எட்டு ஸ்பீக்கர் வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் இருக்கிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கியில் நிஜமாகவே கிரேட் வைத்துப் பாருங்கள். 265 லிட்டரில் எத்தனை நிற்கும் என்று அப்போதுதான் தெரியும். செங்குத்தான ஓர் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி கிளப்புங்கள். முன்சக்கரம் ஒரு சுற்று வழுக்கிப் பிடிக்கிறதா, வழுக்கிக்கொண்டே இருக்கிறதா என்று வெளியே ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண் பாதைக்கு வண்டி தரமாட்டோம் என்று ஷோரூமில் சொன்னால், அதே மாடல் வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மழை பெய்த மறுநாள் அவரோடு ஒரு நடை போய்வாருங்கள்.